மூவாயிரத்து இருநூறு அடி

காஜா பேராங்,
மலாக்கா.
14 நவம்பர் 1958

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் திரு. கருணாகரன் அவர்களுக்கு,

வணக்கம். என் மகன் தியாகராஜனின் மரணம் குறித்து விமானக் கிளப் நியமித்த மூவர் குழுவின் அறிக்கை நேற்று அஞ்சலில் கிடைத்தது. ஒன்பது பக்கங்கள். ஆங்கிலம் பிழையற்றது. கடைசிப் பக்கத்தில் மூன்று கையொப்பங்கள், மூன்றாவது தங்களுடையது.

நான்கு முறை படித்தேன். முப்பது ஆண்டுகள் பள்ளியில் கணிதத் தாள் திருத்தியவன் நான். விடையை முதலில் எழுதிவிட்டு வழியைப் பின்னால் ஒட்டவைத்த தாள் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். இந்த அறிக்கை அப்படி இருக்கிறது.

ஆகஸ்ட் 31, சுதந்திரத்தின் முதல் ஆண்டு நிறைவு நாள், பத்து பெரெண்டாம் விமானத் திடலில் நடந்ததை நாம் இருவரும் பார்த்தோம். தாங்கள் கிளப்பின் சட்ட ஆலோசகராக முன்வரிசையில் இருந்தீர்கள். நானும் என் மனைவியும் நான்காம் வரிசையில். தியாகு இரண்டு முறை வட்டமடித்தான். பிறகு விமானத்தைப் புரட்டித் தலைகீழாகத் திடலைக் கடந்தான். அந்நிலையிலிருந்து மூக்கைக் கீழிறக்கி, அரைவட்டமாய் வளைத்து, நேராக வர வேண்டும். மூக்கு இறங்கியது. வளையவில்லை. திடலுக்கு அப்பால் ரப்பர் மரங்களுக்குள் போனது. அவ்வளவே நான் பார்த்தது.

அறிக்கை கூறுவது வேறு. மூவாயிரம் அடிக்குக் கீழே அந்த வித்தை கூடாது என்பது விதி. தியாகு ஆயிரத்து ஐந்நூறு அடியிலேயே அதைத் தொடங்கினான். விளையாட்டுத்தனமும் விதிக்குக் கீழ்ப்படியாமையும் அவனைக் கொன்றன. பிறகு ஏழாம் பத்தி: "உள்ளூர்ப் பயிற்சி விமானிகளின் மனப்பாங்கைக் கருதுமிடத்து, அவர்களுக்கு வித்தைப் பறத்தலை இனி அனுமதிப்பது உசிதமன்று." அதன்படி அஞ்சலகத்தில் பணிபுரியும் நடராஜனும் ஒரு மலாய் ஆசிரியரும் சென்ற வாரமே நிறுத்தப்பட்டுவிட்டனர். நாடு விடுதலை பெற்று ஓராண்டு முடிந்த நாளில் இறந்தவனை வைத்து இந்த வாக்கியத்தை எழுதியிருக்கிறீர்கள்.

என் கேள்விகள் மூன்று. ஆயிரத்து ஐந்நூறு அடி என்பதை அளந்தவர் யார்? எதைக் கொண்டு அளந்தார்? அவன் பிறந்த அன்று மருத்துவமனை வாசலில் என்னோடு நின்றிருந்த தாங்கள், இதில் கையொப்பமிட்டது எவ்வாறு?

இங்ஙனம்,
ம. கணேசமூர்த்தி


கோலாலம்பூர்,
19 நவம்பர் 1958

அன்புள்ள மூர்த்தி,

நீ "மதிப்பிற்குரிய வழக்கறிஞர்" என்று எழுதியதைப் பார்த்துவிட்டு கோகிலா, "யாரோ கட்சிக்காரர் போல இருக்கு" என்று கடிதத்தை அலுவலக மேசையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள். இரண்டு நாள் கட்டுகளுக்கு நடுவில் கிடந்தது. கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் எடுத்தேன். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

தங்கச்சி எப்படி இருக்கிறாள்? சாப்பிடுகிறாளா? இந்த ஆண்டு உங்கள் வீட்டில் தீபாவளி இல்லை என்பதால் நாங்களும் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. பிள்ளைகள் கேட்கவும் இல்லை. அவர்களுக்கும் தியாகு அண்ணன்தானே. சென்ற வருடத் தீபாவளிக்கு அவன் இங்கே வந்து, பின்கட்டில் வெடி வைத்து, பக்கத்து வீட்டுக் கோழிகள் இரண்டு நாள் முட்டையிடவில்லை என்று சண்டை வந்தது நினைவிருக்கிறதா? கோகிலா இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். உயரம், தேநீர்க் கூடாரத்துக்கு அருகில் நின்ற இரண்டு மூத்த விமானிகள் கண்ணால் கணித்தது. கண் மதிப்பு கண் மதிப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூர்த்தி, விசாரணை என்றால் ஏதாவது ஒரு காரணத்தை எழுதித்தான் முடிக்க வேண்டும். எழுதாமல் விட்டால் மேலிடத்திலிருந்து வேறு ஆட்கள் வருவார்கள். மீண்டும் கேள்வி, மீண்டும் சாட்சி, வீடு வரைக்கும் வருவார்கள். அது உங்களுக்கு வேண்டாம் என்று நினைத்தேன்.

மூன்றாவது கேள்விக்கு என்னிடம் விடை இருக்கிறது. காகிதத்தில் எழுத முடியாது. சென்னையில் நான்கு வருடம் ஒரே அறையில் இருந்தோம். நான் உனக்குக் கெடுதல் நினைத்த நாள் ஒன்றைச் சொல். டிசம்பரில் வழக்குமன்ற விடுமுறை. வருகிறேன். அதுவரை இந்த அறிக்கையைப் பெட்டியில் வைத்துப் பூட்டு. தங்கச்சியின் கையில் கொடுக்காதே.

உன்,
கருணா


காஜா பேராங்,
மலாக்கா.
2 டிசம்பர் 1958

திரு. கருணாகரன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. என் மனைவி சாப்பிடுகிறாள். கம்போங் செட்டியிலிருந்து ஓர் அம்மையார் வாரம் இருமுறை வந்து அவளுடன் மலாயில் பேசிக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தமிழ் வராது, இவளுக்கு மலாய் அரைகுறை, ஆகவே அதிகம் விளக்க வேண்டியிருப்பதில்லை. அறிக்கையைப் பூட்டி வைக்கவில்லை. அது ஆங்கிலத்தில் இருக்கிறது, அவளுக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். அவளிடமிருந்து மறைக்க அதுவே போதுமானதாக இருந்தது.

காத்திருக்கும்படி எழுதியிருந்தீர்கள். காத்திருக்கும் நேரத்தில் அளந்தேன்.

ஜாலான் பெண்டஹாராவில் படக்கடை வைத்திருக்கும் நல்லையா அன்றைய விழாவைப் படமெடுத்தவர். விமானம் தலைகீழாகத் திடலைக் கடக்கும் படம் ஒன்று அவரிடம் இருந்தது. கீழ் ஓரத்தில் திடலின் கொடிக்கம்பம் விழுந்திருக்கிறது. இறக்கையின் முழு நீளம் இருபத்தொன்பது அடி நான்கு அங்குலம்; இது கிளப்பின் ஏட்டிலேயே உள்ளது. கம்பத்தின் உயரத்தை நான் நேரில் சென்று அளந்தேன். நல்லையா தாம் நின்ற இடத்தைக் காட்டினார். படச்சுருளையும் லென்ஸின் அளவையும் கொடுத்தார். மீதி, ஐந்தாம் படிவ மாணவன் செய்யும் கணக்கு. விடை மூவாயிரத்து இருநூறு அடி. பிழை இருபுறமும் நூற்றைம்பதைத் தாண்டாது. என் பழைய பள்ளியின் இளைய ஆசிரியர் ஒருவரிடம் விடையைச் சொல்லாமல் கணக்கை மட்டும் கொடுத்தேன். அவருக்கு மூவாயிரத்து நூற்றெண்பது வந்தது.

ஆகவே என் மகன் விதியை மீறவில்லை. உயரம் போதுமானதாக இருந்தது. ஆயினும் விமானம் வளையவில்லை. ஏன் என்று கேட்க, விமானங்களைப் பராமரிக்கும் மெக்கானிக் உமரிடம் சென்ற சனிக்கிழமை போனேன். எங்களுக்குள் நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன். தாங்கள் சாட்சியங்களை மதிப்பவர்.

"வாங்க சார், உக்காருங்க. தேத்தண்ணி போடச் சொல்லவா?" என்றார்.

"வேண்டாம். விமானத்தில் என்ன கோளாறு இருந்தது?"

"ஒன்னுமில்ல சார். அன்னிக்குக் காலையில ஒவ்வொரு கம்பியா நானே தடவிப் பாத்தேன். என் சொந்தப் பிள்ளைய அதுல ஏத்தி அனுப்பியிருப்பேன்."

"அப்படியென்றால் தவறு தியாகுவுடையது."

"யாரு சொன்னது? வெள்ளைக்காரத் துரைங்க சொன்னாங்களா? தம்பி அளந்து பறக்கிற ஆளு சார். சர்வே டிபார்ட்மெண்டுக்காரர் இல்லையா? 'தம்பி வானத்துலயும் கல்லு நட்டு எல்லை போட்டுக்கிட்டுத்தான் பறப்பாரு'ன்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். அவரும் சிரிப்பாரு."

"விமானத்திலும் கோளாறில்லை, ஓட்டியவனிடமும் தவறில்லை. பிறகு என்னதான் நடந்தது?"

அவர் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

"வல்லாஹி, ஆண்டவன் மேல ஆணை, என்னைக் கேக்காதீங்க சார். கருணாகரன் ஐயாகிட்ட வாக்குக் குடுத்துட்டேன். மூணு மாசமா நானும் சரியாத் தூங்கல. நீங்க அவரையே கேளுங்க."

கேட்கிறேன்.

டிசம்பர் விடுமுறையில் தாங்கள் நேரில் வர வேண்டியதில்லை. நேரில் வந்தால் தாங்கள் அழுவீர்கள், என் மனைவி தங்களைத் தேற்றுவாள், கேள்வி கேட்கப்படாமலே போகும். எழுத்தில் பதில் வேண்டும். இம்மாதம் பத்தாம் தேதிக்குள் வராவிட்டால், படமும் கணக்கும் உமரின் பெயரும் விமானப் போக்குவரத்து இலாகாவுக்குப் போகும்.

இங்ஙனம்,
ம. கணேசமூர்த்தி


கோலாலம்பூர்,
8 டிசம்பர் 1958

மூர்த்தி,

இதைப் படித்ததும் எரித்துவிடு. தங்கச்சி வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி.

வித்தைப் பறத்தலுக்கு முன் விமானி தன் பையில் இருப்பதையெல்லாம் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். தலைகீழாகப் போகும்போது ஒரு பேனா விழுந்தாலும் ஆபத்து. உமர் ஒரு பழைய எண்ணெய் டின்னை வைத்திருப்பார். சாவி, சில்லறை, கைக்கடிகாரம் எல்லாம் அதில் போட வேண்டும். அன்றும் நீட்டினார். தியாகு எல்லாவற்றையும் போட்டான். ஒன்றை மட்டும் போடவில்லை. மேல்சட்டைப் பையைத் தொட்டுக் காட்டி, "உமர் அண்ணே, இது அம்மா குடுத்தது. எண்ணெய் டின்னுல போடுற சாமானா? பட்டன் போட்டிருக்கேன், விழாது" என்றானாம். உமரும் விட்டுவிட்டார். "சாமி சாமான் ஐயா, நான் எப்படிக் கை நீட்டி வாங்குறது? நம்ம ஆளுங்க வேற சாமியாச்சே" என்று என்னிடம் அழுதார்.

அது ஒரு வெள்ளி விபூதிச் சம்படம். மூடியில் தங்கச்சியின் பெயர் வெட்டியிருக்கிறது.

மரங்களுக்கிடையே முதலில் போய்ச் சேர்ந்தது உமரும் நானும். மற்றவர்கள் வருமுன் உமர் எனக்குக் காட்டினார். விமானத்தை ஏற்றி இறக்கும் பிடி இருக்கிறதல்லவா, அதன் அடிப்பக்கத்தில், தரைத்தட்டுக்கு நடுவே, சம்படம் சிக்கியிருந்தது. தலைகீழாகப் போனபோது பையிலிருந்து விழுந்திருக்கிறது. மூக்கு இறங்கியதும் உருண்டு அங்கே போயிருக்கிறது. பிடியைப் பின்னால் இழுத்தால்தான் விமானம் வளையும். இழுக்க முடியவில்லை. பிடியின் அடி சற்று வளைந்திருந்தது என்று உமர் சொன்னார்.

சம்படத்தை உமர் கழற்றிக் கொடுத்தார். நான் என் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மற்ற இரண்டு உறுப்பினர்களுக்கு இன்றுவரை தெரியாது.

நீயே சொல். அன்று மாலை தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நான் போவேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருப்பானே" என்று எத்தனை முறை சொன்னாள்? சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தைக்கே அப்படி என்றால், தன் கையால் கொடுத்த பொருள்தான் என்று தெரிந்தால் அவள் மிஞ்சுவாளா? உன்னிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். உனக்கு முகத்தை மறைக்கத் தெரியாது. ஒரே வாரத்தில் அவள் உன்னிடமிருந்து வாங்கிவிடுவாள். இறந்தவனுக்கு இனி எது எழுதினாலும் வலிக்காது, இருப்பவளைக் காப்பாற்றுவோம் என்று முடிவு செய்தேன். ஏழாம் பத்தி மற்ற இருவருடையது. எதிர்த்திருக்க வேண்டும். எதிர்த்தால் மேலும் தோண்டுவார்களோ என்ற பயத்தில் கையொப்பமிட்டேன்.

சான்றை மறைத்த வழக்கறிஞனுக்கு என்ன நேரும் என்பது உனக்குத் தெரியும். அதற்காக நான் கெஞ்சவில்லை. தங்கச்சி சுந்தரிக்காகக் கெஞ்சுகிறேன். உன் கணக்கே சரியாக இருக்கட்டும். அதை யாருக்கும் அனுப்பாதே.

கருணா


காஜா பேராங்,
மலாக்கா.
14 டிசம்பர் 1958

கருணாகரனுக்கு,

உன் கடிதத்தை எரிக்கவில்லை. மூன்று நாள் என் மேசையில் இருந்தது. அந்த மூன்று நாளும் உன் முடிவையே நானும் எடுத்துவிடலாமா என்று எண்ணிப் பார்த்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். நேற்று மதியம் சாப்பாட்டுக்குப் பின், நான் கேட்காமலே சிவகாமசுந்தரி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"மூணு நாளா சோத்தைப் பிசைஞ்சுட்டு எந்திரிக்கிறீங்க. கருணா அண்ணன் என்ன எழுதியிருக்காரு? படிங்க" என்றாள்.

முகத்தை மறைக்க எனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தாய். அந்த ஒன்று மட்டும் சரி. படித்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, எதையும் விடாமல். பிறகு அறிக்கையையும் தமிழில் சொன்னேன். விளையாட்டுத்தனம், கீழ்ப்படியாமை, ஏழாம் பத்தி, எல்லாவற்றையும்.

நீ அஞ்சிய எதுவும் நடக்கவில்லை என்று எழுத மாட்டேன். நான் அவள் கையைப் பிடித்தபோது விலக்கிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அது சிக்கிக்கிட்ட பிறகு, அவன் இழுத்துப் பாத்திருப்பானா?"

"பிடியின் அடி வளைந்திருந்ததாம். பலமாக இழுத்திருக்கிறான்."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

"அப்ப என் புள்ள விளையாட்டுல சாகல. இதை மூணரை மாசமா அண்ணன் சட்டைப் பையில வச்சிக்கிட்டு இருந்தாரா?" என்றாள். சற்றுக் கழித்து, "எனக்குப் பாவம் பாத்தாரு, சரி. என் புள்ளைக்கு யாரு பாவம் பாக்கிறது? அந்த நடராஜன் பையனும் அந்த மலாய் வாத்தியாரும் என்ன செஞ்சாங்க? கண்ணாடிய எடுங்க. பேனாவும்" என்றாள்.

அவள் எழுதியதை ஒரு சொல்லும் மாற்றாமல் இங்கே பெயர்த்து எழுதுகிறேன்.

"ஆகஸ்டு மாதம் 31ஆம் தேதி காலை ஏழு மணிக்கு என் மகன் தியாகராஜனிடம் வெள்ளி விபூதிச் சம்படத்தைக் கொடுத்தது நான். வெள்ளைக்காரர்கள் முன்னால் நெற்றியில் பூசிக்கொண்டு போய் நிற்க வேண்டாம் என்று முதல் நாள் அவன் அப்பா சொல்லிவிட்டதால், பூசாமல் பையில் வைத்துக் கொடுத்தேன். இது சாமி பொருள், கண்ட இடத்தில் கீழே வைக்காதே, உடம்போடு வைத்துக்கொள் என்று சொன்னேன். அவன் என் சொல்லைக் கேட்டான். கீழ்ப்படியாதவன் என்று எழுதியிருப்பது பொய். சிவகாமசுந்தரி."

நேற்று இரவே இதை ஆங்கிலத்தில் பெயர்த்துவிட்டேன். படம், கணக்கு, இந்த வாக்குமூலம் மூன்றும் நாளைக் காலை விமானப் போக்குவரத்து இலாகாவுக்குப் பதிவஞ்சலில் செல்கின்றன. ஒரு பிரதி உன் குழுவின் மற்ற இரு உறுப்பினர்களுக்கு. உமர் தம் வாக்கிலிருந்து தம்மை விடுவிக்கும்படி உன்னைக் கேட்டு எழுதுவார். அவருக்குத் தாமதமின்றிப் பதில் எழுது. சம்படத்தை நீயே இலாகாவில் ஒப்படைத்து, எப்போது எங்கே எடுத்தாய் என்பதையும் எழுதிக் கொடு. அதனால் உன் தொழிலுக்கு வருவது வரட்டும். என்னால் அதைக் குறைத்துக் கேட்கவும் முடியாது, கூட்டிக் கேட்கவும் மாட்டேன்.

நீ இரக்கத்தால் செய்தாய் என்பதை நம்புகிறேன். அதுவே எனக்கு ஆத்திரத்தைத் தருகிறது. ஓர் எதிரி செய்திருந்தால் நான் வழக்குப் போட்டு ஓய்ந்திருப்பேன். நீ என் வீட்டுக்குள் வந்து, என் மனைவிக்கு எவ்வளவு தாங்கும் என்று அளந்து, என் மகனுக்கு எவ்வளவு அவதூறு பொருந்தும் என்று அளந்து, எங்களைக் கேட்காமல் கழித்துக் கூட்டியிருக்கிறாய். அளவு தவறு. கண் மதிப்பு.

கோகிலாவும் பிள்ளைகளும் எப்போதும்போல் வரலாம். நீ வர வேண்டாம். உனக்கும் காப்பி போட்டுத் தருவேன் என்று சிவகாமசுந்தரி சொல்கிறாள். தருவாள். எதிரில் உட்கார என்னால் இயலாது.

இன்னொன்று. அவளுடைய வாக்குமூலத்தின் இரண்டாம் வாக்கியம் உண்மை. சனிக்கிழமை மாலை, அவன் காலணிக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தபோது, "நாளைக்குப் பூசாரி மாதிரி போய் நிற்காதே" என்று சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, "சரிப்பா" என்றான். நேற்று அவள் எழுதி முடித்துத் தாளை என்னிடம் தள்ளியபோது, அந்த வாக்கியத்தை விட்டுவிட்டாலும் பொருள் மாறாது என்று எனக்குத் தோன்றியது. நான் எடுக்கிறேனா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆங்கிலப் படியில் அந்த வாக்கியம் முழுமையாக இருக்கிறது.

தியாகராஜனின் தந்தை,
ம. கணேசமூர்த்தி